அம்மா பிறந்த ஊர்

14 ஆகஸ்ட் 1979, செவ்வாய்

காலையிலிருந்து மழை. செருப்பு அலமாரியில் ஈரம் ஏறாமலிருக்க எரியவிட்டிருக்கும் பல்பு போய்விட்டது. இரண்டே நாளில் கறுப்புச் செருப்பு முழுக்கப் பூஞ்சை. புதுப் பல்பு வாங்கலாமா என்று யோசித்தேன். எதற்கு, டிசம்பரில் இந்த வீட்டையே காலி செய்துகொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போகிறோமே என்று விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் இந்த ‘எதற்கு’ வந்து நிற்கிறது.

பள்ளி நூலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை காலம் அமெரிக்கா ஆண்ட இந்தக் கால்வாய்ப் பகுதி அக்டோபர் முதல் தேதி பனாமாவின் கைக்குப் போகிறது. அதற்குள் மேட்டுக் கல்லறையில் இருக்கும் அமெரிக்கர்களைத் தோண்டியெடுத்து, பசிபிக் பக்கம் கொரோசலுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் இனி நம் கொடி பறக்குமாம். உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். உயிரோடு இருப்பவர்களின் சாமான் ஏற்ற மரப்பெட்டிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. செத்தவர்களுக்கு ஆறே வாரம்.

கவுண்டரில் வாண்டா ப்ரூவிட். நாலு வீடு தள்ளி இருக்கும் அதே வாண்டா.

“வா வெர்னா கண்ணு, அப்பாவுக்குத்தானே? உட்காரு.”

எமெட் ஹாட்சர். கால்வாயின் கட்டூன் மதகில் மெக்கானிக். இறந்தது 1958. குடியுரிமை அமெரிக்கா. கடகடவென்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம். அருகில் அடக்கமாகியிருக்கும் மனைவி அல்லது கணவர்: பெயர், பிறந்த ஊர், குடியுரிமை.

பேனா அங்கேயே நின்றது. அப்பாவுக்கு இடது பக்கம் அம்மா இருக்கிறாள், முப்பது வருஷமாக. பிறந்த ஊர் என்ன என்று எனக்குத் தெரியாதா? கோலோன். எல்லைத் தெருவுக்கு அந்தப் பக்கம். பனாமாக்காரி. ஆனால் இந்த ஊரில் எல்லோருக்கும் என் அம்மா ஸ்பெயின்காரி. அப்படித்தான் நான் சொல்லி வைத்திருக்கிறேன், பத்து வயதிலிருந்து. வாண்டாவுக்கும் அப்படித்தான் தெரியும்.

கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

வாண்டா படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

நூலகத்தில் என் வேலையே சரியான அட்டையில் சரியான பெயரை எழுதுவது. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

15 ஆகஸ்ட்

பல்பு வாங்கிப் போட்டுவிட்டேன்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணன் டுவைட் ஃப்ளோரிடாவிலிருந்து போன் செய்தான். எனக்காகப் பின்பக்க அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறானாம். “குளிர்சாதனம் இருக்கு வெர்னா. பூஞ்சையே வராது. இனிமேலாவது நம்ம நாட்டுல மனுஷியா இருப்பே.”

நம்ம நாடு. நான் அங்கே மொத்தம் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறை, பாலத்தில் சுங்கம் கட்டச் சில்லறை எப்படிப் போடுவது என்று தெரியாமல் பின்னால் பத்து வண்டிகள் ஹார்ன் அடித்தன. எந்த ஊர் என்று கேட்டவனிடம் கால்வாய்ப் பகுதி என்றேன். அது எந்த மாநிலம் என்றான்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று என்றேன். டுவைட்டுக்கு ரொம்ப சந்தோஷம்.

“அம்மா?” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“அம்மா அங்கேயே பொறந்தவங்கதானே. அங்கேயே இருக்கட்டும். அதான் அவங்களுக்கும் மரியாதை.”

மரியாதையாம். எனக்கு மட்டும் என்ன யோக்கியதை, அவனைச் சொல்ல? சரி என்று சொல்லிவிட்டு வானிலை பற்றிப் பேசினேன்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

தூக்கம் சரியில்லை. எழுதிவிட்டால் தேவலை.

1941. கட்டூன் பள்ளியில் எனக்கு நாலாம் வகுப்பு. அப்போதெல்லாம் இங்கே எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கத்தில் சம்பளம், மற்றவர்களுக்கு வெள்ளியில் என்று எப்போதோ ஆரம்பித்தது. பிறகு தபால் ஜன்னல், தண்ணீர்க் குழாய், கடைசியில் கல்லறை வரைக்கும் தங்கப் பக்கம், வெள்ளிப் பக்கம் என்று பலகை வந்துவிட்டது. டீச்சர் முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா எந்த ஊர், அம்மா எந்த ஊர் என்று கேட்டார். ஓஹையோ, ஜார்ஜியா, டெக்சஸ் என்று வந்துகொண்டே இருந்தது. என் முறை வந்தபோது, அம்மா ஸ்பெயின் என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன்.

அந்த மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அம்மா நீல உடையில் வந்திருந்தாள். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, “மிசஸ் ஹாட்சர், ஸ்பெயினில் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதிகம் போனால் இரண்டு நொடி. பிறகு சிரித்துக்கொண்டே, “செவில்லா” என்றாள்.

வீட்டுக்கு வந்து அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. உடையை மாற்றிக்கொண்டு, வாழைக்காயை வறுத்து வைத்துவிட்டு, என் பள்ளி அட்லஸை எடுத்துவந்து மேசையில் போட்டாள்.

“செவில்லா எங்க இருக்கு? காட்டு. நாளைக்கு யாராவது கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல.”

காட்டினேன். விரலை அங்கே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் சாகிறவரை எட்டு வருஷம், தெருவுக்கு இந்தப் பக்கம் அவள் செவில்லாக்காரி. அந்தப் பக்கம் போனால்தான் வாயைத் திறந்து சிரிப்பாள். ஒரு நாள்கூட என்னை ஏன்டி என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

12 செப்டம்பர், புதன்

கல்லறை அலுவலகத்திலிருந்து கடிதம். தட்டச்சு செய்தது.

“கல்லறை எண் 3127, எமெட் ஹாட்சரை மாற்றத் தங்கள் சம்மதம் கிடைத்தது. அதற்கு அடுத்த எண் 3128, ஒட்டிலியா ஹாட்சர், அமெரிக்கர், பிறப்பு நியூ ஆர்லியன்ஸ். இவரைப் பற்றித் தங்கள் விருப்பம் பதிவாகவில்லை. பத்து நாட்களுக்குள் நேரில் வந்து தெரிவிக்கவும். இயன்றால் பிறப்புச் சான்று கொண்டுவரவும்.”

நியூ ஆர்லியன்ஸா? எந்தக் குமாஸ்தா தூங்கி வழிந்துகொண்டு எழுதினானோ. அம்மாவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மாவின் பிறப்புச் சான்று என்னிடம் இருக்கிறது. கோலோன் என்று முத்திரையோடு. அதை எடுத்துக்கொண்டு போய் வாண்டா முன்னால் வைக்க வேண்டும். கூட வருவாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேர்த்தே கொண்டுபோய்விடுவார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் வாண்டா ஒரு கேள்வி கேட்பாள். அப்போ ஸ்பெயின்?

நாற்பத்தெட்டு வயசு ஆகுது எனக்கு. நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒளிஞ்சுக்கறேன். தூ.

கடிதத்தை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பத்து நாள் இருக்கிறதே.

17 செப்டம்பர்

இன்னும் ஐந்து நாள்.

21 செப்டம்பர், வெள்ளி

அலுவலகம் வரை போனேன். வாசலில் குடையை மடக்கினேன். கண்ணாடி வழியே வாண்டா யாருடனோ பேசிச் சிரிப்பது தெரிந்தது. குடையை விரித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். சான்று கைப்பையிலேயே இருக்கிறது.

22 செப்டம்பர்

பத்து நாள் முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

26 செப்டம்பர், புதன்

அப்பாவை எடுத்தார்கள். நான் போகவில்லை, நூலகத்தில் கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, கணக்கெடுப்பு இருந்தது. அட்லஸ் வரிசை வந்தபோது மட்டும் வேறொருத்தியைப் பார்க்கச் சொன்னேன்.

1 அக்டோபர், திங்கள்

நேற்று மாலை கொடியை இறக்கினார்கள். வாண்டா ஓவென்று அழுதாள், அவள் கணவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். நானும் கைக்குட்டையை எடுத்தேன். எதை நினைத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்று காலை எழுந்தால் அதே மழை, அதே மதகு, கப்பல்கள் அதே வரிசையில் நிற்கின்றன. வாசலில் போலீஸ்காரன் மட்டும் மாறியிருந்தான். இளைஞன். ஸ்பானிய மொழியில் காலை வணக்கம் சொன்னான். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வாய் தானாகவே அப்படிப் போனது. இரண்டு வீடு தாண்டி வந்த பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று நின்றுவிட்டேன்.

13 அக்டோபர், சனி

கொரோசலுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம். புல்லை நன்றாக வெட்டியிருக்கிறார்கள். கல் எல்லாம் ஒரே அளவு, பட்டாளம் நிற்கிற மாதிரி. அப்பாவுக்கு வலது பக்கம் ஒரு கப்பல் வழிகாட்டி, இடது பக்கம் யாரோ பல் டாக்டர்.

பல் டாக்டர் பக்கத்தில் படுத்திருக்கிறார் என் அப்பா. பல் பிடுங்கப் போகச் சொன்னாலே மதகுக்கு ஓடிவிடுகிற ஆள்.

சிரிப்பு வந்தது, பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திரும்ப மேட்டுக் கல்லறைக்கே எடுத்துப் போக முடியுமா என்று அங்கே இருந்தவரிடம் கேட்டுப் பார்த்தேன். கொண்டுவரத்தான் படிவம் இருக்கிறதாம், திருப்பி அனுப்ப இல்லையாம்.

2 நவம்பர், வெள்ளி

இன்று இறந்தவர்கள் தினம். நாங்கள் மே மாதம்தான் கல்லறைக்குப் போவோம், சின்னக் கொடியைச் செருகிவிட்டு வருவோம். நவம்பர் இரண்டு, தெருவுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களின் நாள். ஆனாலும் போனேன். அம்மா தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு ஒரு மாதமாக விடவில்லை.

கேட்டில் காவல் இல்லை, பூக்காரிகள் உள்ளே வரை வந்துவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் பிள்ளைகளும் வாளிகளும். நம் வரிசைகளில் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. எடுத்த இடத்தில் மண் அமுங்கி மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

அம்மாவின் கல்லுக்கு முன்னால் ஒருத்தி முட்டிபோட்டுச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். எடில்மா அக்கா. பெரியம்மாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கோலோனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். பெரியம்மாவின் சாவுக்குப் பிறகு, எட்டு வருஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை. ரயிலில் பத்து நிமிஷ தூரம்.

“வாடி அமெரிக்காக்காரி. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?”

“நீங்களாக்கா சுண்ணாம்பு அடிக்கறது?”

“பின்னே யாரு? முப்பது வருஷமா நாங்கதான். முதல்ல அம்மா, இப்போ நான்.”

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் வந்து பார்க்கும்போது அம்மாவின் கல் மட்டும் பளிச்சென்று இருக்கும். நிர்வாகம் அடித்து வைக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பல்பு போனாலும் கொசு வந்தாலும் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும், புல்லை நிர்வாகம் வெட்டும். சுண்ணாம்பையும் அவர்கள்தான் அடிக்கிறார்கள் என்று, ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை. பக்கத்துக் கல்லெல்லாம் ஏன் பாசியாக இருக்கிறது என்றுகூட யோசிக்கவில்லை. அடி முட்டாளே.

அக்கா தூரிகையை வாளியில் போட்டுவிட்டுப் பள்ளத்தைக் காட்டினாள். “சித்தப்பா எங்கே?”

“கொரோசல்ல.”

“சித்தி?”

“இங்கேதான்க்கா.”

“அது என் கண்ணுக்கே தெரியுது. ஏன் இங்கேன்னு கேட்டேன்.”

“அமெரிக்காக்காரங்களை மட்டும்தான் கொண்டுபோனாங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “சித்தியும் அமெரிக்காக்காரிதானேடி, காகிதத்துல. உனக்குத் தெரியாதா?”

பிறகு சொன்னாள். 1949இல் அம்மா போன அன்று நான் வீட்டில் சுருண்டு கிடந்தேன். அப்பாவும் பெரியம்மாவும் எடில்மாவும்தான் கல்லறை அலுவலகத்துக்குப் போனார்கள். கோலோனில் பிறந்தவள் என்றால் வெள்ளிப் பக்கம்தான் என்றிருக்கிறான் குமாஸ்தா. அப்பா கேட்டாராம்: “என்ன எழுதினா இவ தங்கப் பக்கம் வரலாம்?” அமெரிக்கப் பிறப்பு என்றிருந்தால் வரலாம் என்றிருக்கிறான். அப்பா பேனாவை வாங்கி நியூ ஆர்லியன்ஸ் என்று எழுதினார்.

“எங்கம்மா சண்டைக்குப் போயிட்டா. செத்ததுக்கப்புறமும் எங்க பொண்ணுக்கு ஊரை மாத்தணுமான்னு கத்தினா. அவர் தலையைக்கூடத் தூக்கலை. ‘நான் வந்து படுக்கும்போது அவ பக்கத்துல இருக்கணும். அதுக்கு எந்த ஊர்னாலும் எழுதுவேன்’னாரு.”

குமாஸ்தா தூங்கி வழிந்து எழுதியதில்லை அது. என் அப்பாவின் கையெழுத்து. வேலை நேரச் சீட்டில் ஐந்து நிமிஷம் கூட்டி எழுதாத மனுஷர், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு பொய் எழுதினார். அது இருபத்தொரு வருஷம் அவர்களைச் சேர்த்தே வைத்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் சேர்ந்தே இருந்திருப்பார்கள். நான் இழுப்பறையை மூடினேன்.

அக்காவிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மீதிச் சுண்ணாம்பை நான் அடித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3 நவம்பர்

கோலோனில் பனாமாவின் சுதந்திர நாள். மேளச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். திறந்தேன்.

11 நவம்பர், ஞாயிறு

மரப்பெட்டி வந்துவிட்டது. வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பேர் வந்து பாத்திரம், துணி, தையல் மிஷின் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அட்லஸை நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். டுவைட் மறுபடி போன் செய்தான். பெட்டியை எந்தத் தேதி கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று கேட்டான். அப்பா எழுதிய பொய்யை அவனிடம் சொன்னேன். “பாவம், அப்பா” என்றான். கொஞ்சம் பொறுத்து, “யாருக்கும் தெரியாதுல்ல?” என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

24 நவம்பர், சனி

வாண்டா வீட்டில் வழியனுப்பு விருந்து. அவர்களும் அடுத்த வாரம் கிளம்புகிறார்கள், அலபாமாவுக்கு. பாதி வீட்டில் பெட்டிகள், மீதியில் ஆட்கள். எல்லோரும் கொஞ்சம் குடித்திருந்தார்கள், ஊருக்குப் போறோம், ஊருக்குப் போறோம் என்று. அவர்களில் பாதிப் பேர் இங்கேதான் பிறந்தவர்கள்.

நான் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். வாண்டா பக்கத்தில் நின்று துடைத்தாள். எப்படி வந்தது என்று தெரியவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“வாண்டா, என் அம்மா ஸ்பெயின்காரி இல்லை. கோலோன்காரி.”

“தெரியுமே.”

தட்டு கையிலிருந்து தொட்டிக்குள் நழுவியது.

“எல்லாருக்கும் தெரியும் கண்ணு. உங்க அம்மா பேசற ஸ்பானிஷைக் கேட்டா கோலோன் மார்க்கெட்டு மாதிரியே இருக்கும். எங்கம்மா அப்பவே சொல்லிச் சிரிப்பாங்க. ஆனா நீ அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தியா, யாருக்கும் மறுத்துச் சொல்ல மனசு வரலை.”

முப்பத்தெட்டு வருஷம். ஊருக்கே தெரியும். நான் யாரிடமிருந்து அம்மாவை மறைத்துக்கொண்டிருந்தேன்?

வாண்டா நிறுத்தவில்லை. குடித்தால் நிறுத்த மாட்டாள். “அந்த லெட்டரை நான்தான் டைப் அடிச்சேன். பதிவேட்டுல அமெரிக்கர்னு இருக்கு, இதை வச்சு ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிடலாமேன்னு நினைச்சேன். சான்றுன்னு ஒரு வரி போட்டாகணும், போட்டேன். நீ சும்மா வந்து சரின்னு சொல்லியிருந்தா நான் சான்றைக் கேட்டிருக்கவே மாட்டேன். பத்து நாள் முடிஞ்சும் மூணு நாள் உன் ஃபைலை மூடாம வச்சிருந்தேன். ஒரு நாள் வாசல்ல குடையோட உன்னைப் பார்த்தேன். வருவேன்னு பார்த்தேன். நீ திரும்பிட்டே. சரி, உனக்கு வேண்டாம்னுதான் போலன்னு…”

“எனக்கு வேண்டாம்னு இல்ல வாண்டா.”

“அப்புறம் ஏன்டி வரல?”

உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன் என்று, எல்லாம் தெரிந்தவளிடம் எப்படிச் சொல்வது? துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

25 நவம்பர்

பாவிடி நான்.

28 நவம்பர், புதன்

எடில்மா அக்காவின் கடைக்குப் போனேன். மதிய நெரிசல் முடியும் வரை மூலை மேசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இழுப்பறைக் கடிதத்தை அவள் முன்னால் வைத்து, படித்துக் காட்டி, பத்து நாள், குடை, வாண்டா எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பாதியில் அம்மாவின் பேச்சுக்கு வந்துவிட்டேன். துருப்பிடித்துப் போயிருந்தது, ஆனால் வந்தது.

அக்கா எழுந்து போய் ஒரு கிண்ணம் கோழி சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். “முதல்ல சாப்பிடு. நான் திட்டப்போறது வெறும் வயித்துல தாங்காது.”

சாப்பிட்டேன். திட்டினாள். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்கப்பன் அவளை அமெரிக்காக்காரி ஆக்கினான், நீ ஸ்பெயின்காரி ஆக்கினே. ஒருத்தருக்காவது அவளை அவளாவே வச்சுக்கத் தோணுச்சாடி? அவர் ஆசைக்காகச் செஞ்சாரு, போகட்டும். நீ எதுக்குச் செஞ்சே? அந்த ப்ரூவிட் பொம்பளை என்ன நினைப்பாளோன்னு! அவ நாளைக்குக் கப்பலேறிப் போறவ!”

எல்லாம் சரி. ஒன்றுக்கும் மறுப்பு இல்லை. கடைசியில் கேட்டேன், அம்மாவையும் கொரோசலுக்குக் கொண்டுபோக மனுக் கொடுக்கட்டுமா, அப்பா பக்கத்தில் இடமில்லாவிட்டாலும் ஒரே தோட்டத்திலாவது இருப்பார்களே என்று.

“அமெரிக்காக்காரின்னு மறுபடி சத்தியம் பண்ணப்போறியா?”

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“அவளைக் கிளப்பாதே வெர்னிதா. போதும்.” மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். “நீ போறது என்னிக்கு?”

அம்மாவுக்கு அப்புறம் யாரும் என்னை வெர்னிதா என்று கூப்பிட்டதில்லை. டிசம்பர் இருபதாம் தேதி என்று சொல்ல வாயெடுத்தேன். “தெரியலைக்கா” என்றுதான் வந்தது.

4 டிசம்பர், செவ்வாய்

கோலோனில் கல்லறைகளைப் பார்க்கும் புது அலுவலகம். மின்விசிறி ஓடவில்லை, வரிசை வாசல் வரை இருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றேன். மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. படிவத்தை அவளே கேட்டுக் கேட்டு எழுதினாள்.

“எண்?”

“3127. இப்போ காலியா இருக்கு.”

“பக்கத்துல?”

“3128. ஒட்டிலியா கின்டெரோ, அதான் பிறந்த வீட்டுப் பேர். பதிவேட்டுல ஹாட்சர்னும் நியூ ஆர்லியன்ஸ்னும் இருக்கும். அது தப்பு. சான்று கொண்டுவந்திருக்கேன்.” சான்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரு கை தூரம். செப்டம்பரில் அந்த ஒரு கை தூரம்தான் என்னால் முடியாமல் போனது.

“பிறந்த ஊர்?”

“கோலோன்.” பின்னால் வரிசையில் முப்பது பேர். சத்தமாகவே சொன்னேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நீங்க அவங்களுக்கு?”

“மகள்.”

“அப்போ நீங்களும் பனாமாக்காரங்கதானே” என்று அவளாகவே ஒரு கட்டத்தில் குறி போட்டாள், என்னமோ டீக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி. “காலி இடம் யாருக்கு வேணும்?”

“எனக்கு.”

அப்போதுதான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவசரமா அம்மா?”

“இல்லம்மா. மெதுவா, இருபது வருஷம் கழிச்சு வந்தாப் போதும்.”

பக்கத்து மேசைக்காரனும் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். வெளியே வந்தேன். அப்பாவின் இடம் அது. அவர் பொய் சொல்லி வாங்கிய இடம். அவரை எழுப்பிவிட்டு நான் போய்ப் படுக்க இடம் பிடித்திருக்கிறேன். இதற்கு மன்னிப்பு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அவளைத் தனியாக விட முடியாது.

6 டிசம்பர், வியாழன்

டுவைட்டிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் கத்தினான். வெள்ளையடித்த அறையை என்ன செய்வது என்று கேட்டான். மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கித் தையல் மிஷினை வெளியே எடுத்தேன். அக்காவின் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. பால்கனி மரம் கொஞ்சம் உளுத்திருக்கிறது, பூஞ்சை நிச்சயம் வரும். பல்பை மறக்காமல் கழற்றிக்கொண்டு போக வேண்டும்.

8 டிசம்பர், சனி

இன்று இங்கே அன்னையர் தினம். எங்களுக்கு அது மே மாதம் வரும், ஒரு வாழ்த்து அட்டையோடு போகும். இங்கே ஊரே கடையை மூடிவிட்டுத் தெருவில் நிற்கிறது, கேக்கும் பூவுமாக. அக்காவும் நானும் கல்லறைக்கு நடந்தே போனோம்.

கல்லில் புது வரி வெட்டி முடித்திருக்கிறார்கள். முன்பு ‘எமெட் ஹாட்சரின் மனைவி’ என்று மட்டும் இருந்தது. அதை அழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே ‘பிறந்த ஊர்: கோலோன்’. எழுத்து கொஞ்சம் கோணல்தான். பக்கத்துப் பள்ளத்தில் மண் போட்டு மேடாக்கியிருக்கிறார்கள். செப்டம்பர் வரை அப்பா இருந்த இடம். மாதம் ஒரு முறை ரயிலேறிப் போய் அவரையும் பார்க்க வேண்டும். அவரிடமும் ஒரு நாள் வாய் வரும்.

அக்கா பூவைப் பிரித்து வைத்தாள். நான் குனிந்து அம்மாவிடம் பேசினேன். அவள் பேச்சில், கோலோன் மார்க்கெட்டுப் பேச்சில். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும்.

திரும்பி வரும்போது அக்கா கேட்டாள், “அவகிட்ட அவ்வளவு நேரம் என்னடி சொன்னே?”

“நானும் இன்னும் செவில்லாவைப் பார்த்ததில்லைம்மான்னு சொன்னேன்.”